‘நீங்க சும்மா உக்காருங்க’

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். பொன்னிற உடும்பு ஒன்று புற்றுக்குள் ஓடி மறைய, சோழ மன்னன் அந்தப் புற்றை வெட்டப்போய் சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தல வரலாறு. மூலவர் இன்றும் உடும்பின் வால் வடிவில்தான் காட்சி தருகிறார். எலும்பு நோய் தீர்க்கும் சாமி என்று வட்டாரத்தில் பெயர். மூட்டுவலிக்காரர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களும் வேண்டிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த நம்பிக்கையோடு இந்தப் பத்திக்குச் சண்டை இல்லை. எழுபது வயதில் பேருந்திலிருந்து இறங்கி, பிராகாரம் சுற்றி, கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிற அம்மாவுக்கு பிசியோதெரபிஸ்ட் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இல்லை. சண்டை எல்லாம் வீட்டுக்குள் புழங்குகிற நம்பிக்கைகளோடுதான். அவற்றில் பாதி பாசத்தோடு சொல்லப்படுபவை. எதிர்த்துப் பேச முடியாமல் போவதும் அதனால்தான்.

“வயசாயிடுச்சு, நீங்க சும்மா உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்.”

மருமகள் துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறாள். மகன் கடைக்குப் போகும் பையைப் பிடுங்கிக்கொள்கிறான். தறியில் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவர், கண் மங்கியதும் இறக்கி விடப்படுகிறார். தறிக்குழியில் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்த கால்களுக்குத் திடீரென்று வேலை இல்லை. திண்ணை, நாற்காலி, கட்டில் என்று அவருடைய உலகம் சுருங்குகிறது. பிள்ளைகளுக்கோ அப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்ட நிம்மதி.

அந்த ஓய்வுக்கு உடம்பு கொடுக்கிற விலையை அளந்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில், நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலுக்காகப் படுத்த பாட்டி, காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நடக்கத் தடுமாறுவது இதனால்தான். ‘காய்ச்சல் ஆளை உருக்கிடுச்சு’ என்கிறோம். உருக்கியதில் படுக்கைக்கும் பெரிய பங்கு உண்டு.

போன தசை திரும்பாது என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு பாதி. இதுவும் தவறு. 1990இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதில் முடிந்தது அறுபத்தைந்தில் முடியாதா?

ஜிம்முக்குப் போக வேண்டாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை வலுவிழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. முதலில் கை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. ஒருவர் தன் வீட்டில் யார் தயவும் இல்லாமல் வாழ்வது கடைசியில் எதில் நிற்கிறது என்று கேட்டால், கழிப்பறையிலிருந்து தானே எழுந்து வர முடிகிறதா என்பதில்தான் நிற்கிறது என்பேன்.

“முட்டி தேஞ்சிடுச்சு. நடந்தா இன்னும் தேயும்.”

மூட்டுக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது உள்ளே இருக்கிற திரவம் அழுந்திப் பரவித்தான் அதற்கு ஊட்டம் போகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. முன்தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டியின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். உடம்பு எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியின்மீது விழுகிற பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முட்டி சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும் நாட்களில் மட்டும் நடையை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி போக வேண்டுமென்று பேர் இல்லாத பொட்டலத்தில் வருகிற பொடியை வாங்கித் தின்பவர்கள் நம் பக்கம் நிறைய. இரண்டு நாளில் வலி மாயமாய் மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் மாசக்கணக்கில் போனால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் கொண்டுவரும்.

“விழுந்தா என்ன, புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்.”

ஆந்திரத்துப் புத்தூர் நமக்குத் தொலைவில்லை. அந்த ஊர்ப் பேரைச் சொல்லிக் கட்டுப் போடுகிறவர்களின் பலகைகள் வட தமிழ்நாட்டில் சாலைக்குச் சாலை தொங்குகின்றன. விலகாத சின்ன முறிவு அசையாமல் இருந்தாலே கூடிவிடும். கட்டுக்குக் கிடைத்த நல்ல பேரில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் முதியவர்களை முடக்கிப்போடும் முறிவு வேறு. இடுப்பு மூட்டுப் பந்துக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து உடைவது அது. குளியலறையில் சறுக்கி விழுந்தவரால் எழுந்து நிற்க முடியாது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இந்த அறிகுறிகளைப் பார்த்தால் எண்ணெய் தேய்க்க வேண்டாம், இழுத்துவிட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. உடைந்தால் ஓட்டம் அறுபட்டுப் பந்தே செத்துப்போகலாம். எந்தக் கட்டும் அவ்வளவு ஆழத்தில் இருக்கிற எலும்பைப் பிடித்து நிறுத்தாது. “இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?” என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இந்த வயதில் மூன்று மாசம் படுக்கை தாங்குமா? நுரையீரலில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். பலரைக் கொண்டுபோவது எலும்பு முறிவல்ல, இவைதான். முடிந்தவரை முதல் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய முறை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள்.

விழுவதை விதி என்று சொல்வது வசதியான பேச்சு. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் முதியவர்களே அதிகம். விதி வேலை செய்கிற இடங்களோ நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஈரத் தரை, உயரமான நிலைப்படி, நகர்கிற கால்மிதி, கழிப்பறைக்குப் போகிற இருட்டு வழி. நெசவாளர் வீட்டில் இன்னொன்றும் உண்டு. கூடத்திலேயே வெட்டிய தறிக்குழி. தறி ஓடாத வீட்டில் அதன்மேல் ஒரு பலகையாவது போட்டு மூடுங்கள். கழிப்பறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி பதிக்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. துணி காயப்போடும் பைப்பைப் பிடித்து எழுவது கைப்பிடி ஆகாது. அது பெயர்ந்து வரும். தூக்க மாத்திரை போடுகிறவர்கள் இரவில் எழுந்து விழும் வாய்ப்பு அதிகம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கிறுகிறுப்பு இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள்.

“ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு தண்ணியே குடிக்கறதில்ல.”

பாட்டிகள் இதை ரகசியமாகத்தான் சொல்வார்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் போவது நிற்கிறது, பிறகு கோயிலும் நிற்கிறது. வயதானால் தாகமே குறைவாகத்தான் எடுக்கும். அதோடு வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், அப்புறம் விழுதல். தண்ணீரைக் காலையிலும் மதியமும் நிறையக் குடித்துவிட்டு மாலைக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சிறுநீரை அடக்கும்போது இறுகுகிற தசையைத் தினமும் இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி இருக்கிறது. பலருக்குச் சில மாதத்தில் கசிவு குறைகிறது. கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. வெட்கப்பட்டே பத்து வருஷம் வீட்டுக்குள் கிடப்பதற்கு இது காரணமாகக் கூடாது.

“பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரைய நிறுத்திட்டேன்.”

மாத்திரையால்தான் நார்மல் ஆனது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சும் தலைகீழ். கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் கிட்னியைக் கெடுக்கின்றன. மாத்திரைக்காக வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வரும். இது தெரியாமல் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபக்கம், நாலு டாக்டர் எழுதிய மாத்திரைகளை எல்லாம் சேர்த்து விழுங்குகிறவர்களும் உண்டு. வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒரே டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். எதைக் குறைக்கலாம் என்று கேட்பதில் தப்பில்லை.

“கஞ்சியே போதும், வயசான வயித்துக்கு.”

போதாது. தசைக்குப் புரதம் வேண்டும், அதுவும் இளைஞர்களைவிடச் சற்று அதிகமாக. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது முதியோருக்கான பரிந்துரை. முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர். பல் இல்லை என்றால் பருப்பைக் குழைய வேகவைக்கலாம், பல்செட்டும் கட்டலாம். உளுந்து சேர்ந்த நம் காஞ்சிபுரம் கோயில் இட்லி கஞ்சியைவிட எத்தனையோ மேல். மிளகும் சுக்கும் நாக்குக்குப் போனஸ்.

“வயசானா மறதி சகஜம்.”

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம். கண்ணாடி எதற்கு என்று மறப்பது சகஜமில்லை. ஐம்பது வருஷமாகப் போய்வந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பதும் நோய்தான். எல்லாவற்றையும் ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடக் கூடாது என்று நம் ஊரில் முதலில் சொன்னவர்களில் ஒருவர் மருத்துவர் வி.எஸ். நடராசன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவை அவர் தொடங்கியது 1978இல். இன்று கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையே இயங்குகிறது.

மறதியோடு காதையும் சேர்த்துப் பாருங்கள். சரிசெய்தால் டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவும் பதினான்கு ஆபத்துக் காரணிகளை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. காது கேளாமை அதில் முக்கியமானது. ‘செவிட்டு மிஷின்’ என்று பேரன் கேலி செய்வானே என்று மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிற கருவியை எடுத்து மாட்டுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், யாரோ நிற்பதாகச் சொன்னால், காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ மாத்திரைக் கோளாறோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போனால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்.

“வீட்ட பையன் பேருல எழுதி வச்சாத்தான் கடைசிக் காலத்துல பாத்துப்பான்.”

இது மருத்துவ நம்பிக்கை அல்ல. ஆனால் முதியவர் சொந்த வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்பதை முட்டிவலியைவிட வேகமாக முடிவு செய்கிற நம்பிக்கை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்க 23ஆம் பிரிவு வழிவிடுகிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாகவே நின்றுபோனவர்கள் வழக்கில் திண்டாடியிருக்கிறார்கள். ஆகவே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், உணவு, மருந்து, அதே வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை மூன்றையும் பத்திர எழுத்தரிடம் சொல்லி அதிலேயே எழுத வையுங்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. கட்டணம் கிடையாது.