மயிலாப்பூர் வேட்பாளரை நாம் ஏன் எடை போட வேண்டும்?

தேர்தல் வந்தால் நம்ம தொகுதி, நம்ம ஊராட்சி, அதோடு சரி என்று இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். சென்னையில் யார் நின்றால் என்ன, யார் ஜெயித்தால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் 2023 ஏப்ரல் 21-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட முன்வடிவு அன்றைக்கு விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பெரிய திட்டம் ஒன்றுக்கான நிலத்தின் நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அதையும் சேர்த்துத் திட்டத்துக்கு ஒதுக்க வழி செய்யும் சட்டம். உழவர் அமைப்புகள் இன்றும் அதை எதிர்த்து வருகின்றன.

அந்த அவையில் 234 பேர். அதில் சென்னை மாவட்டத்துக்கு மட்டும் 16 இடம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு (இதன் பெரும்பகுதி வேளச்சேரித் தொகுதிக்குள் வருகிறது) ஆகிய பகுதிகளின் உறுப்பினர்கள் ஒரு சென்ட் வயலும் இல்லாத தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். ஆனாலும் நம் வாய்க்காலைப் பற்றிய சட்டத்துக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லும் உரிமை, தஞ்சாவூர் உறுப்பினருக்கு இருக்கிற அதே அளவில் அவர்களுக்கும் இருக்கிறது. நம் பாரம்பரிய அரிசியையும் செக்கு எண்ணெயையும் வாங்கிச் சாப்பிடுகிற குடும்பங்களில் நிறையப் பேர் இருப்பதும் இதே தெருக்களில்தான். அவர்களிடம் நாம் விலை பேசுகிறோம், ரகம் பேசுகிறோம். ஓட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பேசினால் பலன் உண்டா? 2021 தேர்தலில் தி.நகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். அந்தத் தேர்தலில் சென்னை மாவட்டத்தின் மொத்த வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தொடவில்லை. ஒரு இயற்கை அங்காடிக்கு வாரத்தில் வந்து போகிறவர்களே 137 பேருக்கு மேல் இருப்பார்கள்.

சரி, வேட்பாளரை எப்படி எடை போடுவது? முதலில் படிவம் 26. வேட்புமனுவோடு கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் பத்திரம் இது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் நமக்குக் கிடைத்த உரிமை. குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் இதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். உள்ளாட்சி வேட்பாளர்களும் இதுபோன்ற பத்திரம் தருகிறார்கள்.

நகரத்து ஆள் இதைப் படித்தால் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார். நாம் பார்க்க வேண்டியது விவசாய நிலம் என்ற பகுதி. எந்த ஊர், எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர், பூர்வீகமா வாங்கியதா, வாங்கியது எந்தத் தேதியில், என்ன விலைக்கு என்று எல்லாமே அதில் எழுதியாக வேண்டும். போன முறையும் நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் சேர்ந்த நிலம் எங்கே இருக்கிறது? புறவழிச்சாலை வரப்போகிற ஊரிலா, தொழில் பூங்கா அறிவித்த ஊரிலா? அறிவிப்பு முதலில் வந்ததா, கிரயம் முதலில் நடந்ததா? தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் வேறு வழியில் வந்த பணத்தையும் அந்தக் கணக்கில் காட்ட ஆசை வரும். பத்து ஏக்கர் மானாவாரியில் வருஷத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எந்த ஆடிட்டரையும் விட நமக்கு நன்றாகத் தெரியும். மயிலாப்பூர் வாக்காளருக்கு நாம் செய்யக்கூடிய நேரடி உதவி இதுதான்: அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்வது.

அடுத்து வழக்குகள். 'பத்து கேஸ் இருக்கு, வேண்டாம்' என்று ஒதுக்குவது அவசர முடிவு. எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிரிவைப் பாருங்கள். சட்டவிரோதமாகக் கூடினார், அரசு ஊழியரின் உத்தரவை மீறினார் (பழைய சட்டத்தில் 143, 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 223) என்ற வகை வழக்குகள் போராட்டத்துக்குப் போன யார் மேலும் விழும். நம் ஆட்கள் பலர் மேல் இருக்கிறது. அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. மோசடி, லஞ்சம், பெண்கள் மீதான குற்றம், பட்டியல் சாதி மக்கள் மீதான வன்கொடுமை என்றால் கதை வேறு. குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம், வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி காரணத்தை வெளியிட வேண்டும் என 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 'வெற்றி வாய்ப்பு உள்ளவர்' என்று மட்டும் சொன்னால் அது காரணம் ஆகாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

ஆள் நல்லவர், போதாதா? போதாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் பதவியே போகலாம். குரல் வாக்கெடுப்பில் தனி உறுப்பினர் என்ன சொன்னார் என்று பதிவாகாது. ஆகவே கட்சியின் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் சுத்தமாக இல்லை. 2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது அ.தி.மு.க. அரசு. அதே ஆண்டு ஒன்றிய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை நாடாளுமன்றத்தில் ஆதரித்ததும் அதே கட்சி. அந்த மூன்று சட்டங்களை எதிர்த்து 2021 ஆகஸ்ட் 28-ல் தீர்மானம் போட்டது தி.மு.க. அரசு, 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டதும் அதுவே. அடுத்த மாதமே நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 2009-ல் வேளாண் மன்றச் சட்டம். பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்தான் விவசாய ஆலோசனை சொல்லலாம் என்றது அது. நம்மாழ்வார் அய்யா வேளாண்மைப் பட்டதாரிதான். அவரே இதை எதிர்த்து நின்றார். ஜீவாமிர்தம் கரைக்கச் சொல்லித்தரும் நம் முன்னோடி உழவர்கள் எத்தனை பேரிடம் பட்டம் இருக்கிறது?

எனவே அறிக்கையில் 'இயற்கை விவசாயத்தை ஊக்குவிப்போம்' என்ற ஒரு வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லோரும் எழுதுகிறார்கள். வேட்பாளரை நேரில் கேளுங்கள், 'ஆமா, இல்லை' என்று பதில் வரும்படி கேளுங்கள். தி.நகரில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது பரந்தூர். சென்னைக்காரர்களின் விமானத்துக்காக 5,000 ஏக்கருக்கு மேல் நிலமும் நீர்நிலையும் போகிறது. ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஊரே 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தது. கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா, இல்லையா? 'வளர்ச்சியும் வேணும், விவசாயமும் வேணும்' என்று இழுத்தால் அதையும் அப்படியே குறித்து வையுங்கள்.

நகரத்து மக்களுக்கு இது தூரத்துச் சங்கதியாகத் தெரிந்தால் அவர்கள் காலடியையே காட்டலாம். தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் மாம்பலம் ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் குடியிருப்பு எழுந்தது. 2021 நவம்பர் மழையில் அந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றபோது ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது என்றுதான் நமக்குத் தோன்றியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு என்ன செய்தது என்பதை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரியைத் திட்டத்தோடு சேர்த்து ஒதுக்கும் சட்டம் யாருக்குக் கேடு என்று அவர்களுக்கு இதை வைத்துச் சொன்னால் புரியும்.

மாநகராட்சித் தேர்தலை இதைவிட லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லை. பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது வாக்களித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அந்த மன்றத்தின் காலம் 2027-ல் முடிகிறது. மாட வீதியில் கீரை விற்கும் அம்மாவுக்கு இடம் உண்டா என்பது வார்டு அளவில் முடிவாகும் விஷயம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 'அகற்றுவேன்' என்று வாக்குறுதி தரும் வேட்பாளரும் உண்டு, அதற்குக் கைதட்டும் குடியிருப்போர் சங்கமும் உண்டு. வீட்டுக் குப்பை பிரிக்கப்பட்டு உரமாகித் தோட்டத்துக்கு வருமா, கலந்துபோய்ப் பெருங்குடிக் கிடங்குக்குப் போகுமா என்பதும் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது. பாதி வார்டுகள் பெண்களுக்கு. பெண் வேட்பாளர் என்றால் ஒரு கேள்வி கூடுதல்: 'ஜெயிச்ச பிறகு போனை எடுக்கப் போறது நீங்களா, உங்க வீட்டுக்காரரா?' சிரித்துக்கொண்டே கேளுங்கள், பதிலைக் கவனியுங்கள்.

நாள் குறைவு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2021-ல் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. இடையில் 15 நாள்தான். கேள்விகளை முன்பே எழுதி, சென்னையில் நம் பொருளை விற்கும் அங்காடிகளுக்கு அனுப்பிவிடலாம். இறுதிப் பட்டியல் வந்த அன்றே ஒருவர் பத்திரங்களை இறக்கி, நிலப் பகுதியையும் வழக்குப் பகுதியையும் ஒரே தாளில் எழுதி, அங்காடியில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். யாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அதில் எழுத வேண்டாம். வேட்பாளரின் பதிலை, பதில் சொல்ல மறுத்தால் மறுத்ததை, தேதியோடு பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழித்துவிடாமல் ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த முறை அதே ஆள் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.