கசிவு எங்கிருந்து தொடங்குகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் 'மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு' என்று படித்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிடாதே. அது விளைவு மட்டுமே. காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலேன் கார்ப்பென்டியர் 1983இல் விளக்கிய முறை, வால்வு இதழ்களின் அசைவைக் கொண்டு கசிவை வகை பிரிக்கிறது: அசைவு இயல்பாக இருக்கிறதா, மிகுந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அசைவு இயல்பாக இருந்தும் கசிகிறதென்றால் இதழிலேயே ஓட்டை இருக்கலாம். அரிதாக, முன்னிதழ் பிறவியிலேயே பிளந்திருக்கலாம். இந்தப் பிளவு கண்ணில் படாமல் போவது எளிது. பெரும்பாலான கசிவுகளில் கலர் டாப்ளர் காட்டும் ரத்தப் பீச்சு, இரண்டு இதழ்களும் கூடும் விளிம்பில் தொடங்கும். பிளவில் அது முன்னிதழின் நடுவுடலிலிருந்தே கிளம்பும். ஆகவே எவ்வளவு கசிகிறது என்று அளப்பதற்கு முன் எங்கிருந்து கசிகிறது என்று பார். குறுக்குவெட்டுக் காட்சியில், வால்வு திறக்கும் நேரத்தில் முன்னிதழ் இரு துண்டாகத் தெரியும். அந்தப் பிளவு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்: மகாதமனிக்குச் செல்லும் வழியை நோக்கினால் அது தனிப்பிளவு, இதயத் தடுப்புச் சுவரை நோக்கினால் சுவரிலும் குறை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வு கசிந்தால் ருமாட்டிக் காய்ச்சலைத்தானே முதலில் நினைக்க வேண்டும் என்று நீ கேட்பாய். நினைக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த நினைப்போடு தேடலை முடித்துவிடக் கூடாது. ருமாட்டிக் நோய் இதழ்களைத் தடிக்கச் செய்யும், அவற்றைத் தாங்கும் நாண்களைச் சுருக்கும். சிறு வயதில் இந்தத் தடயங்கள் மங்கலாக இருக்கலாம் என்பது உண்மை. அப்போதும் கசிவு பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். கடுமையாகக் கசிந்தால் எப்படியும் அறுவைதானே, காரணம் எதுவானால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. இங்கேதான் காரணம் ஒரு மனிதரின் வாழ்க்கையையே மாற்றுகிறது. பிளவைப் பலருக்கு நேராகவே தைத்துவிடலாம். திசு போதாவிட்டால் ஒட்டுப் போடலாம். சொந்த வால்வு நிலைத்துவிடும். உலோக வால்வு வைத்தாலோ ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டும். தாயாக விரும்பும் பெண்ணுக்கு அந்த மாத்திரையே கருவுக்கு ஆபத்தாகலாம். பிளவை ருமாட்டிக் என்று தவறாக எழுதினால், ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாதிருக்கப் போடும் பெனிசிலின் ஊசியைத் தேவையில்லாமல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்ள நேரும். ஒரு குழந்தைக்கு அது சின்ன வேதனை அல்ல.

அதற்காக எல்லோருக்கும் உணவுக்குழாய் வழி எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. குறுக்குவெட்டுக் காட்சிக்குத் தனிச் செலவு கிடையாது; ஐயம் நீங்காதபோது மட்டும் அடுத்த படிக்குப் போ. முப்பரிமாண எக்கோ, அறுவை மருத்துவர் மேலிருந்து காண்பது போலவே வால்வைக் காட்டும். காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கம் மைட்ரல் வால்வோடு நிற்கக் கூடாது: மகாதமனி வால்வு கசிந்தாலும் இதழ்களை எண்ணிவிடு. மூன்றுக்குப் பதில் நான்கு இதழ்கள் அமைவது மிக அரிது. ஆனால் அப்படி அமைந்தவர்களில் சிலருக்கு இதயத் தமனிகளும் வழக்கமில்லாத இடத்திலிருந்து கிளம்பும். அதை அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்