என்ஷுவர், இன்ஷுவர்: ஓரெழுத்து வேற்றுமை

கடல் கடந்து சரக்கு வரவழைக்கும் நம் வியாபாரிகள் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களில் இரண்டு வினைச்சொற்கள் இடம் மாறி விழுவதை அடிக்கடி காண்கிறோம். ஒன்று 'என்ஷுவர்', மற்றொன்று 'இன்ஷுவர்'. முன்னதன் முதலெழுத்து ஆங்கில 'ஈ'. பின்னதன் முதலெழுத்து 'ஐ'. மற்ற எழுத்துக்கள் யாவும் ஒன்றே. ஆங்கிலேயரிலும் பலர் இவ்விரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கின்றனர். ஆகவே காதை நம்பி எழுதுகிறவர் தவறுவது எளிது. பள்ளிக்கூடத்தில் தவறினால் ஒரு மார்க்குப் போகும். வியாபாரத்தில் தவறினால் முதலே போகும். எனவே இவ்விரு சொற்களையும் இப்பாடத்தில் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பொருளும் வாக்கிய அமைப்பும்

'என்ஷுவர்' என்றால் ஒரு காரியம் தவறாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்வது. அது ஆளின் கவனத்தையும் முயற்சியையும் குறிக்கும். 'இன்ஷுவர்' என்றால் காப்புறுதி செய்வது. அதாவது பிரீமியம் கட்டி, நஷ்டம் நேர்ந்தால் ஈடு தரும் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பது. முன்னது நஷ்டம் வராமல் தடுக்கப் பார்க்கிறது. பின்னது வந்த நஷ்டத்திற்குப் பணம் தருகிறது.

வாக்கியத்தில் இவற்றை அடையாளம் காணவும் ஒரு வழியுண்டு. 'என்ஷுவர்' என்பதன் பின்னால் பெரும்பாலும் 'தட்' என்ற சொல் வந்து, என்ன நடக்க வேண்டும் என்ற செய்தி தொடரும். 'இன்ஷுவர்' என்பதன் பின்னால் சரக்கின் பெயர் வரும். அதையடுத்து 'அகெய்ன்ஸ்ட்' என்ற சொல்லும், தீ, திருட்டு, கப்பல் முழுகுதல் போன்ற ஆபத்தின் பெயரும் வரலாம்.

எழுத்து மாறினால் என்னவாகும்?

பினாங்கில் உள்ள ஒருவர் சென்னையிலிருந்து கைலி வரவழைப்பதாக வைத்துக்கொள்வோம். விலை, பழைய வழக்கில் 'சி அண்ட் எஃப்' என்றும் இப்போது 'சி.எஃப்.ஆர்.' என்றும் சொல்லப்படும் முறையில் பேசப்பட்டிருக்கிறது. இம்முறையில் கப்பல் கூலி விற்பவருடையது. காப்புறுதி செய்யும் கடமை அவருக்கு இல்லை. சரக்குக் கப்பலில் ஏறிய பின் ஆபத்து வாங்குபவரைச் சேர்ந்தது. இதை அறிந்த பினாங்கு வியாபாரி, காப்புறுதியும் செய்து அனுப்பும்படி கேட்க எண்ணி, 'ப்ளீஸ் என்ஷுவர் தி கூட்ஸ்' என்று எழுதிவிடுகிறார். சென்னைக்காரர் அதைப் படித்து, 'சரக்கைப் பத்திரமாகப் பார்த்து அனுப்பச் சொல்கிறார்' என்று கருதி, நன்றாகக் கட்டி அனுப்புகிறார். வழியில் கப்பலில் தீப்பிடித்தால் கைலியும் இல்லை, காப்புறுதிப் பணமும் இல்லை. ஆனால் சரக்கின் விலையை மட்டும் கொடுத்தே தீரவேண்டும்!

விலை 'சி.ஐ.எஃப்.' முறையில் இருந்தால் காப்புறுதி எடுப்பது விற்பவரின் கடமை. இம்முறைகளின் விதிகளைச் சர்வதேச வர்த்தக சபை 'இன்கோடெர்ம்ஸ்' என்ற பெயரில் 1936ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் சி.ஐ.எஃப். விற்பனையில் குறைந்தபட்சமான 'சி' வகைக் காப்புறுதி போதும். தொகை சரக்கு விலையில் 110 சதவீதம் இருக்கவேண்டும். 'சி' வகையில் தீயும் கப்பல் முழுகுதலும் அடங்கும்; திருட்டு அடங்காது. ஆகவே 'இன்ஷுவர்' என்று சரியாக எழுதியதோடு நிற்காமல், எந்த வகை, எவ்வளவு தொகை என்பதையும் எழுதவேண்டும். தகாஃபுல் எடுக்க விரும்புகிறவர் அதனையும் பெயர் சொல்லியே எழுதுவது நலம்.

ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாமா?

'காப்புறுதிதான் இருக்கிறதே, இனிக் கவனம் எதற்கு?' என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. கப்பல் சரக்குக் காப்புறுதியில் மிக விரிவான 'ஏ' வகையிலும் சில நஷ்டங்கள் விலக்கப்பட்டுள்ளன. புறப்படும் முன்பே போதிய உறுதியின்றிக் கட்டப்பட்ட சரக்கின் சேதம், தாமதத்தால் வரும் நஷ்டம், சரக்கின் சொந்த இயல்பால் நேரும் கெடுதல் ஆகியவை அவற்றுட் சில. வெங்காயம் வழியில் தானே முளைவிட்டால் கம்பெனி பணம் தராது. அவ்விடத்தில் உதவுவது 'இன்ஷுவர்' அன்று, 'என்ஷுவர்'தான். காய்ந்த வெங்காயமாகப் பொறுக்கி, காற்றோட்டமுள்ள சாக்கில் கட்டும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். நல்ல வியாபாரிக்கு இரண்டு சொற்களும் வேண்டும். அதனதன் இடத்தில் வேண்டும்.

ஏன் இந்தக் குழப்பம்?

இரண்டும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தவை. 'உறுதி' என்ற பொருளுள்ள 'ஷுவர்' இரண்டிலும் இருக்கிறது. முற்காலத்தில் ஒரே சொல்லை இரு விதமாகவும் எழுதினர். 1787ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையில், உள்நாட்டு அமைதி நிலவச் செய்வது என்ற பொருளிலேயே 'ஐ' எழுத்துச் சொல் வந்திருக்கிறது. அமெரிக்கர் கடிதங்களில் இவ்வழக்கை இன்றும் காணலாம். ஆதலால் அங்கிருந்து வரும் கடிதத்தில் 'இன்ஷுவர்' என்று கண்டவுடன் காப்புறுதி ஆகிவிட்டதென்று மகிழ்ந்துவிடலாகாது; பாலிஸி எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும்.

இவற்றின் உறவினரான 'அஷுவர்' என்ற சொல்லும் உண்டு. ஓர் ஆளுக்கு வாயால் உறுதி கூறுவதே அதன் பொருள். இச்சொல்லின் பின்னால் ஆளைக் குறிக்கும் சொல் வரும்.

பயிற்சி

கீழ்க்கண்ட கருத்துக்களை ஆங்கிலத்தில் எழுத எச்சொல் வேண்டும்?

1. மூட்டைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்க.
2. கிடங்கிலுள்ள ஜவுளிக்குத் தீ விபத்துக் காப்புறுதி செய்க.
3. பில் ஆஃப் லேடிங் கப்பலுக்கு முன்பே எங்கள் கைக்குக் கிடைக்கும்படி செய்க.
4. பாக்கிப் பணம் இம்மாத முடிவில் வந்து சேரும் என்று உங்களுக்கு உறுதி கூறுகிறோம்.

விடை: முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 'என்ஷுவர்', இரண்டாவதற்கு 'இன்ஷுவர்', நான்காவதற்கு 'அஷுவர்'. கடையில் கடிதம் எழுதும் பிள்ளைகளையும் இப்பயிற்சியைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐயமிருந்தால், காப்புறுதியைப் பற்றி எழுதும்போது 'இன்ஷுரன்ஸ் பாலிஸி எடுத்து அனுப்புக' என்று விரித்தே எழுதிவிடுங்கள். நான்கு சொல் கூடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.