நாயுடன் உணவகம் செல்வோர் கருதவேண்டியவை

மெல்போர்ன் நகரின் தென்கிழக்கே, போர்ட் பிலிப் விரிகுடாவை ஒட்டி, மரநிழல் சூழ்ந்த தெருக்களுடன் அமைந்த பிரைட்டனில், சர்ச் தெரு, பே தெரு ஆகிய கடைவீதிகளில் நடைபாதையில் மேசையிட்ட காப்பிக் கடைகள் இருப்பதால், கடற்கரை உலா முடித்து நாயுடன் உணவருந்த வருவோர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நன்று.

• இடம்: ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி, வளர்ப்பு நாயை வெளிப்புற உணவிடத்தில், அதாவது சுவர்களால் அடைபடாததும், சமையல் நடைபெறாததும், கட்டடத்தினுள் நுழையாமலே சென்றடையக்கூடியதுமான பகுதியில் மட்டும் அனுமதிக்கிறது, இறுதி முடிவு கடைக்காரருடையது என்பதால், அமருமுன் கேட்டுக்கொள்வதே முறை.

• விலக்கு: பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற பணிக்குப் பயிற்சி பெற்ற உதவி நாய்களை வாடிக்கையாளர் உண்ணும் உட்கூடத்திலும் அனுமதித்தாக வேண்டும்.

• கயிறு: இலேசான நாற்காலியில் கட்டினால், நாய் திடீரென எழும்போது நாற்காலியும் இழுபட்டு, அந்த ஓசைக்கே அது மேலும் மிரளுமாதலால், கயிற்றைக் குறுக்கிக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பானது.

• உணவு: சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளை நாயின் உடல் மெதுவாகவே வெளியேற்றுவதால் அது நஞ்சாகிறது, வெங்காயம், பூண்டு, திராட்சை, மக்கடேமியா கொட்டை ஆகியனவும், சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் கலந்த பண்டங்களும் விலக்கத்தக்கன.

• நீரும் தரையும்: கடல்நீர் குடித்த நாய்க்கு உப்பு மிகுந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படக்கூடுமாதலால் நன்னீர்க் கிண்ணம் உடனிருத்தல் வேண்டும், கோடையில், புறங்கையை 5 வினாடி வைத்திருக்க இயலாத தரையில் அதைப் படுக்கவைத்தல் ஆகாது.