மலிவு விலை போனுக்கும் ஒரு பூட்டு



சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்தின வாரம் என் அப்பா டவுன் பஸ்ஸில் செல்போனைத் தொலைத்துவிட்டார். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். போன் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் அதற்குள் பேங்க் பாஸ்புக் போட்டோ, ரேஷன் கார்டு, தங்கையின் படங்கள் எல்லாம் இருந்தன. "உள்ள இருக்கறத எடுத்துருவானாடா?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

போனில் உள்ள தகவலை ஒரு ரகசிய எண்ணைச் சாவியாகக் கொண்டு உருமாற்றிச் சேமிப்பதே என்கிரிப்ஷன். சாவி இல்லாதவன் மெமரி சிப்பையே கழற்றிப் படித்தாலும் குப்பைதான் வரும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ.இ.எஸ். முறை. பெல்ஜியம் நாட்டவர் இருவர் உருவாக்கிய இதனை 2001-ல் அமெரிக்கா தரமாக ஏற்றது. விலை கூடிய போன்களின் பிராஸஸரில் ஏ.இ.எஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. கார்டெக்ஸ்-ஏ7 போன்ற மலிவு பிராஸஸரில் கிடையாது, போன் திணறும். ஆகவே 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, ஏ.இ.எஸ். வேகம் நொடிக்கு 50 மெபிபைட்டைத் தாண்டும் போன்களுக்கே என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்கியது. காசுள்ளவன் போனுக்குப் பூட்டு, நம்ம வீட்டுப் போனுக்கு இல்லை! இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

2019 பிப்ரவரியில் கூகுளின் பால் குரோலி, எரிக் பிக்கர்ஸ் இருவரும் 'அடியாண்டம்' என்ற முறையை வெளியிட்டனர். சாச்சா என்றொரு முறை ஏற்கெனவே இருந்தது. அதில் கூட்டல், எக்ஸ்-ஆர், பிட் சுழற்றல் மட்டுமே. நாம் 8051 லேபில் செய்வதுதான். எந்தப் பிராஸஸரும் வேகமாகச் செய்யும். பிறகு அதையே நேராகப் போட வேண்டியதுதானே? முடியாது. சாச்சாவுக்கு ஒவ்வொரு முறையும் சாவியுடன் ஒரு புது எண் வேண்டும். பழைய எண்ணையே திரும்பக் கொடுத்தால், இரண்டு பதிவுகளை எக்ஸ்-ஆர் செய்தே ரகசியத்தைப் பிடித்துவிடலாம். புது எண்ணை எழுதி வைக்கவோ செக்டாரில் இடமில்லை. 4096 பைட் உள்ளே போனால் 4096 பைட்தான் வெளியே வர வேண்டும்.

அவர்கள் செய்த தந்திரத்தைப் பாருங்கள். செக்டாரை 4080 பைட், 16 பைட் என்று பிரித்தார்கள். பெரிய பகுதியைச் சுருக்கி ஒரு ஹேஷ் எடுத்துச் சிறிய பகுதியோடு கூட்டி, அந்த 16 பைட்டுக்கு மட்டும் ஒரே ஒரு முறை ஏ.இ.எஸ். போட்டார்கள். வருகிற விடைதான் சாச்சாவுக்கு வேண்டிய எண்! அதை வைத்துப் பெரிய பகுதியைப் பூட்டி, மீண்டும் ஹேஷ் எடுத்துச் சிறிய பகுதியிலிருந்து கழித்துவிடுகிறார்கள். தகவலில் ஒரு பிட் மாறினாலும் செக்டார் முழுதும் மாறிவிடும். வழக்கமான ஏ.இ.எஸ். எக்ஸ்.டி.எஸ். முறையில் 16 பைட்தான் மாறும்.

கார்டெக்ஸ்-ஏ7-ல் ஒரு பைட்டைத் திறக்க 10.6 கிளாக் சைக்கிள். 1.2 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்து நானே கணக்குப் போட்டேன்: நொடிக்கு சுமார் 113 மெகாபைட். எக்ஸ்.டி.எஸ்ஸைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகம். அதே 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, அதனுடன் வெளியாகும் எல்லாப் புதுப் போன்களுக்கும் என்கிரிப்ஷன் கட்டாயமாயிற்று.

அப்பாவின் போன் அதற்குப் பின் வந்ததுதான். அப்பாடா என்றிருந்தேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. தகவலின் சாவியை, நாம் போடும் பின் நம்பரோடு சேர்த்துத்தான் போன் முடிந்து வைக்கிறது. பின் நம்பரே இல்லை என்றால், ஆன் செய்ததும் போன் தானாகவே திறந்து கொடுத்துவிடும். எடுத்தவன் சிப்பைக் கழற்றவே வேண்டாம். அப்பா அடிக்கடி தப்பாகப் போட்டு மாட்டிக்கொள்கிறார் என்று பின் நம்பரை எடுத்துவிட்டவன் நான்தான்.

இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "திரும்பப் போடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தீபாவளி போனஸில் வாங்கிய புதுப் போனில் நான்கு இலக்கத்தை அவரே போட்டார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.