350,000 கிலோமீட்டர் ஓடிய பிக்அப்: தேய்மானத்தின் அறிவியல்

சிறு தோட்டக்காரர், காய்கறி வியாபாரி, மின்வயரிங் குத்தகையாளர், பந்தல் சாமான் ஏற்றுபவர் எனப் பலரின் வீட்டு வாசலில் பழைய டீசல் பிக்அப் ஒன்று நிற்பதைப் பார்க்கிறோம். காலையில் சரக்கு ஏற்றும் அதே வண்டிதான் மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு அழைத்துச் செல்கிறது. நான்கு கதவுள்ள புதிய பிக்அப் வாங்க ஒரு லட்சம் ரிங்கிட் அளவில் தேவைப்படும் இக்காலத்தில், இருக்கும் வண்டியையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டப் பார்ப்பது நியாயம்தான். ஆனால், எந்தப் பாகம் எதனால் கெடுகிறது என்று தெரியாமல் ஓட்டினால் பணமும் போகும், சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து வரும்.

இரண்டு கடிகாரங்கள்

ஒரு வண்டிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கிலோமீட்டரை எண்ணுவது. மற்றொன்று ஆண்டுகளை எண்ணுவது.

முதல் கடிகாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 350,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், அதன் இயந்திரம் 8,750 மணி நேரம் இயங்கியிருக்கிறது. நிமிடத்திற்கு 1,800 சுற்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 945 மில்லியன் சுற்றுகள். இத்தனை முறை சுழன்ற பிறகும் ஓர் இயந்திரம் ஓடுகிறது என்றால், உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் எண்ணெய்ப் படலம் ஒன்று நடுவில் நின்று காத்ததே காரணம்.

இரண்டாவது கடிகாரம் வண்டி நின்றிருக்கும்போதும் ஓடுகிறது. ரப்பர் இறுகுகிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. பல வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் சுமார் இரண்டு மடங்காகும். குளிர்காலமே இல்லாத, காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்த நம் நாட்டில் இந்தக் கடிகாரம் வேகமாகவே ஓடும். முதல் கடிகாரத்தைப் பலரும் கவனிக்கிறார்கள். பழைய வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெயா?

டீசல் இயந்திரத்தில் புது எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடும். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்தூளை ஓரிடத்தில் படியவிடாமல் சுமந்து செல்வது எண்ணெயின் வேலை. அதில் கலந்துள்ள வேதிப்பொருட்கள் இந்தத் தூளைப் பிரித்து மிதக்க வைக்கின்றன. அவை தீர்ந்துபோன பிறகும் எண்ணெயை மாற்றாமல் விட்டால்தான் தூள் சேறாகப் படிந்து துவாரங்களை அடைக்கிறது.

அளவுகோலைத் துடைத்துப் பார்க்கும்போது வேறு மூன்றைக் கவனியுங்கள். அளவு குறைகிறதா? டீசல் வாடை வீசுகிறதா? தே தாரேக் போன்ற பழுப்பு நிறமா? குறைந்தால் எங்கோ கசிகிறது அல்லது எரிகிறது. வாடை வந்தால் எரியாத டீசல் எண்ணெயில் கலக்கிறது. பால் கலந்த நிறம் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே புகுந்துவிட்டது. அதன் பிறகு வண்டியை ஓட்டவே கூடாது.

ரேடியேட்டர் மூடியின் வேலை

சாதாரண அழுத்தத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே கூடுதலாக ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், கொதிநிலை சுமார் 120 பாகைக்கு உயர்கிறது. சில ரிங்கிட் விலையுள்ள அந்த மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலையேற்றத்தில் நீர் கொதித்து வெளியேறும்.

பல டீசல் இயந்திரங்களில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேல்மூடி அலுமினியம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் மேல்மூடி கோணிக்கொள்ளும். ஆகவே வெப்பமுள் சிவப்பை நெருங்கினால் "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாமல் உடனே ஓரங்கட்டுங்கள். கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதும் தவறு. கூலண்டில் உள்ள துருத்தடுப்புப் பொருட்கள் நீர்த்துப்போகும். உள்ளே உப்பும் படியும்.

ஒரு பட்டையை நம்பி ஓடும் இயந்திரம்

2005ஆம் ஆண்டுக்குப் பின் இங்கே அதிகம் விற்பனையான ஹைலக்ஸ் வீகோவின் 2.5 லிட்டர் டீசல் இயந்திரத்தில், வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்திசைப்பது ரப்பரால் ஆன டைமிங் பெல்ட். 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அறுந்தால், திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் மோதும். நொடிப் பொழுதில் இயந்திரம் பாழாகும். பழைய வண்டியை வாங்கியவர்கள், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கருதிச் செயல்படுவது நல்லது. பல புதிய இயந்திரங்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ளது. உங்கள் வண்டியில் எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையிறக்கமும் பிரேக் எண்ணெயும்

உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி இதுதான். சரக்கோடு சேர்த்து 2,500 கிலோகிராம் எடையுள்ள பிக்அப் ஒன்றை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால், பிரேக் வெப்பமாக மாற்றும் ஆற்றல் சுமார் 0.6 மெகாஜூல். இப்போது அதே வண்டி கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 34 மெகாஜூலுக்கு மேல் வருகிறது. ஐம்பது தடவைக்கு மேல் வண்டியை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இந்த ஆற்றலால் நூறு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்கிவிடலாம்.

காற்றின் தடையும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதியை ஏற்பது இயந்திரமா, பிரேக்கா என்பது ஓட்டுநரின் கையில் இருக்கிறது. சிறிய கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெரிய கியரில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அத்தனை வெப்பமும் தட்டுகளுக்கும் அங்கிருந்து பிரேக் எண்ணெய்க்கும் போகும்.

இங்கேதான் இரண்டாவது கடிகாரம் குறுக்கிடுகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. மூன்று, நான்கு விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே காலால் அழுத்தும் விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை முழுமையாக மாற்றுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது அனுபவ விதி மட்டுமன்று, இயற்பியல் விதியும்கூட.

டீசலில் நீர்

நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் உயிரி டீசல் கலக்கப்படுகிறது. இது சாதாரண டீசலைவிடக் கூடுதலாக நீரை ஈர்க்கும். நீர் தேங்கிய தொட்டியில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கழிவை உண்டாக்கும். 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ஒரு துளி நீரும் பகைதான். டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலியிடம் குறைந்தால் உள்ளே ஈரக்காற்றும் குறையும்.

துரு

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்தால் நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் துரு வேகமாகப் பரவும். கேமரன் மலையில் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் அந்த வண்டி அறிமுகமானபோது, போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் வெளியுடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. ஆகவே வெளியே பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், அடியில் எஃகுச் சேசிஸ் அரித்துப்போயிருக்கலாம்.

இன்றைய பிக்அப்பிலும் ஆபத்து அடியில்தான். தோட்டத்துச் செம்மண் சேசிஸின் வடிகால் துவாரங்களை அடைத்துக்கொண்டால், உள்ளே ஈரம் வாரக்கணக்கில் காயாது. மாதம் ஒருமுறை அடிப்பகுதியைக் கழுவித் துவாரங்களைக் குத்திவிடுங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

எதற்கு முதலில் செலவழிப்பது?

1. பிரேக், ஸ்டீயரிங், டயர், சேசிஸ். இவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.
2. குளிர்விக்கும் அமைப்பு, டைமிங் பெல்ட். சிறு செலவு பெருஞ்செலவைத் தடுக்கும்.
3. எண்ணெய், வடிகட்டிகள். குறித்த காலத்தில் தவறாமல் மாற்றவும்.
4. சாயம், இருக்கை உறை, குளிர்சாதனம். மேலே உள்ளவை முடிந்த பிறகு.

இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் மாற்றிக்கொள்ளலாம். சேசிஸ் பல இடங்களில் அரித்து விரிசல் கண்டுவிட்டால், அந்த வண்டிக்கு விடைகொடுப்பதே அறிவுடைமை.

வீட்டில் செய்து பாருங்கள்

மாணவர்களே! முலாம் பூசாத மூன்று இரும்பு ஆணிகளை மணல்தாளால் தேய்த்து, மூன்று கண்ணாடிக் குவளைகளில் போடுங்கள். முதலாவதில் குழாய்நீர். இரண்டாவதில் உப்பு கரைத்த நீர். மூன்றாவதில், பெரியவர் ஒருவர் கொதிக்க வைத்து ஆற்றித் தந்த நீரை ஆணி மூழ்கும்வரை ஊற்றி, அதன்மேல் சமையல் எண்ணெயை ஒரு படலமாக விடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்த ஆணி அதிகம் துருப்பிடித்தது? நீருக்குள்ளேயே கிடந்தும் மூன்றாவது ஆணி ஏன் பெரும்பாலும் தப்பியது? விடை கிடைத்ததும் வீட்டு வண்டியின் அடியில் குனிந்து, எந்தெந்த இடங்களில் ஈரமும் காற்றும் சேர்ந்து தங்குகின்றன என்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காட்டுங்கள்.