‘போர்டு போச்சு’ என்று சொல்லும் முன்

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ஃபேனும் சுற்றவில்லை. உடனே ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஒரு போர்டு விலை எங்கப்பாவுக்கு எத்தனை நாள் கூலி என்பது எனக்குத் தெரியும். ஆகவே இந்த வரிசையில் சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்வோம்.

1. பிளக்கில் கரண்ட் வருதா? எஸ்.எம்.பி.எஸ். பின்னாலுள்ள சுவிட்சில் கோடு போட்ட பக்கம்தான் ஆன், வட்டம் ஆஃப்.

2. 24 பின் கனெக்டரும், பிராசஸருக்கான 12 வோல்ட் கனெக்டரும் முழுசா உட்கார்ந்திருக்கா?

3. கேபினட் சுவிட்ச் வயரைக் கழற்றி, போர்டில் அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி இணையுங்கள். ஆன் ஆனால் கோளாறு சுவிட்சில்தான்.

4. 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, 9-ஆம் பின்னுக்கும் (பெரும்பாலும் ஊதா வயர்) கருப்பு வயருக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். கரண்ட் இருந்தால் 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். பழுது.

5. பிளக்கைப் பிடுங்கி, போர்டை வெளியே எடுத்து அட்டை மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரு ராம் மட்டும் போதும். இப்போது ஓடினால், கேபினட்டில் தவறான இடத்தில் முடுக்கிய பித்தளை ஸ்டட் ஷார்ட் செய்திருக்கலாம்.

எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இத்தனைக்கும் அசையாவிட்டால், வேறு ராம், வேறு பிராசஸர் மாற்றிப் பாருங்கள். அப்புறம் போர்டைச் சொல்லலாம். மீட்டர் பார்க்க ஐந்து நிமிஷம். தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பத்துக்குக் கடன்.